அந்தோணியாருக்கு நேர்ந்த சேவல்

திருவிழா முடிந்து, ஏலத்தில் எடுத்த சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் மேடேறி வந்தபோது, என் வீட்டுக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னையல்ல, சேவலை, எங்கள் செவலையை. கட்டிய பெண்டாட்டி காலையிலிருந்து ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் கூட்டத்தில் இடிபட்டு வருகிறாளே என்று ஒரு வார்த்தை கிடையாது. செவலைக்குத் தண்ணீர் காட்டினாயா என்றுதான் கேட்டார்.

வேறு நாளாக இருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். எனக்கு வாய் நீளம் என்பது எங்கள் மலையூர் வாழவந்தி முழுக்கத் தெரியும். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து ஒன்றைக் கேட்கிறார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஏன் போதும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மிளகு பறிப்பதில் என் வீட்டுக்காரர் ஞானசுந்தரம் என்றால் எங்கள் பக்கத்து எஸ்டேட்டுகளில் தெரியாதவர் இல்லை. கொடி எவ்வளவு உயரம் ஏறியிருந்தாலும் ஒற்றை மூங்கில் ஏணியைச் சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து உச்சிச் சரம்வரை பறித்துவிட்டு இறங்குவார். ஒரு பனிக்காலத்தில், விடிந்தும் விடியாமலும், அந்த ஏணி வழுக்கியது. முதுகெலும்பில் அடி. சேலம் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே எதையும் திருப்பித் தர அவர்களால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பேச்சு கிடையாது. சோற்றைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்வார். ஓசூரில் வேலை பார்க்கிற மகள் ஷெர்லின் போனில் அழுவாள், அப்பாவிடம் கொடு என்பாள். நான் போனை அவர் காதில் வைப்பேன். அவர் சுவரைப் பார்ப்பார். அந்த மாதங்களில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். காபிச் செடிக்கு அடிக்கிற மருந்து மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். அன்றைக்கே அதைக் குழிதோண்டிப் புதைத்தேன். அவர் கையில் கிடைக்கக்கூடாத சாமான்களையெல்லாம் அடுத்த வீட்டுக் கண்ணாயியிடம் கொடுத்துவிட்டு, எஸ்டேட்டில் களையெடுக்கப் போன இடத்திலும் வீட்டு ஞாபகமாகவே செத்துச் செத்துப் பிழைத்தேன்.

அவரைத் திருப்பியது நானில்லை, டாக்டருமில்லை. ஒரு கோழிக்குஞ்சு. தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது. மற்ற குஞ்சுகளும் போய், ஒன்றே ஒன்று மழையில் நனைந்து குளிரில் வெடவெடத்துக் கிடந்தது. எனக்கோ வேலைக்கு நேரமாகிவிட்டது. எங்கேயாவது ஒரு சூடு வேண்டுமே என்று அவர் போர்வைக்குள் அதைத் தள்ளிவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மனுஷன் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். குஞ்சு அவர் நெஞ்சின்மேல் நின்று கத்திக்கொண்டிருக்கிறது. "இது பசியில கத்துது புள்ள" என்றார். அடுப்படிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அந்தக் குஞ்சுதான் வளர்ந்து செவலையானது. நல்ல சிவப்பு, வாலில் மட்டும் பச்சை மின்னும். அதற்குப் பின்னால் வீட்டில் கோழிகள் பெருகின. காலையில் கூண்டைத் திறந்ததும் ஒவ்வொன்றாக அவர் மடியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். கண்ணைப் பார்ப்பார், இறக்கையை விரித்துப் பார்ப்பார், வாலைத் தூக்கி எச்சத்தைப் பார்ப்பார். குடலில் பூச்சி வைத்திருந்தால் கொண்டை வெளுப்பதை வைத்தே சொல்லிவிடுவார். அக்கம்பக்கத்தில் கோழி தூங்கி விழுந்தால் எங்கள் வீட்டுக்குத்தான் தூக்கி வருவார்கள். கொண்டுவருகிறவர்களை முற்றத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிடுவார். வெளிக்கோழி நம் கோழியோடு சேரக்கூடாது. புதிதாக வாங்கின கோழி என்றால் கொல்லைக் கடைசியில் மூங்கில் கொடாப்பைக் கவிழ்த்து அதற்குள் தனியாகக் கிடக்கும். அவர் சரி என்று சொல்லும்வரை மற்றதோடு விடக்கூடாது. சட்டம் என்றால் சட்டம். தலைமை ஆசிரியர்கூட அவ்வளவு கண்டிப்பாக இருக்கமாட்டார்.

அவர் பேசாமல் கிடந்த காலத்தில் நான் அந்தோணியாரிடம் ஒரு வேண்டுதல் வைத்திருந்தேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று அவருக்குப் பேர். என் புருஷன் கட்டிலிலேயே காணாமல் போய்விட்டார், தேடிக் கொடுங்கள், வீட்டில் இருக்கிறதிலேயே நல்ல சேவலைத் தருகிறேன் என்றேன். தேடிக் கொடுத்துவிட்டார். இருக்கிறதிலேயே நல்ல சேவல் செவலைதான். சாமியை ஏமாற்ற முடியுமா?

இதை வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சேவலின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, ஏலத்தில் திரும்ப எடுத்துவிடலாம் இல்லையா என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அது உண்டு. நேர்ந்துகொண்ட ஆடு கோழியைக் கெபியில், அந்தோணியாரின் குகைக்கோயிலில், கொண்டுபோய்க் கட்டிவிடுவோம். திருவிழா முடிந்ததும் ஏலம் விடுவார்கள். மனசு கேட்காதவர்கள் தங்கள் கோழியைத் தாங்களே ஏலம் கேட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். வேண்டுதலும் ஆயிற்று, கோழியும் வீட்டுக்கு வந்தாயிற்று. ஆசீர்வாதம் வாங்கின கோழி என்று அதற்கு மரியாதை வேறு. அப்படித்தான் திருவிழாவுக்குக் கொடியேறின அன்று செவலையைக் கொண்டுபோய்க் கட்டினேன். குப்பனூர், அடிவாரம் என்று எங்கெங்கிருந்தோ வந்த கோழிகளோடு ஒரே வலைக்குள் அது திருவிழா முடியும்வரை நின்றது. அதே தண்ணீர்த் தொட்டி, அதே தரை.

அதைத்தான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அன்றைக்கு வந்தேன். வந்ததும் பழக்கதோஷத்தில் கொடாப்பை எடுக்கக் கொல்லைப்பக்கம் போனேன். வெளியிலிருந்து எது வந்தாலும் அதற்குள்தானே. கட்டிலிலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"அதை எதுக்குப் புள்ள அடைக்கற? நம்மூட்டுச் சேவல்தானே. அவுத்து உடு."

அவிழ்த்துவிட்டேன். செவலை இறக்கையை அடித்து ஒரு கூவல் கூவிவிட்டுக் கோழிகளுக்கு நடுவே ஓடியது. அவர் சிரித்தார். விழுந்ததற்குப் பிறகு அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

முதலில் வந்தது செள்ளு. கோழிப்பேனைத்தான் எங்கள் பக்கம் செள்ளு என்போம். மறுநாள் காலையில் செவலையின் இறக்கைக்கு அடியில் கொத்துக்கொத்தாக இருந்ததை அவர் பார்த்துவிட்டார். இரண்டொரு நாளில் எல்லாக் கோழியும் அலகால் உடம்பைக் குடைய ஆரம்பித்தன. கூண்டில் கை வைத்தால் என் முழங்கைவரை ஊர்ந்தது. இதெல்லாம் அவருக்குப் பெரிய விஷயம் இல்லை. எனக்குத்தான் வேலை வைத்தார். கூண்டைக் கழுவிக் காயவைத்து, சந்துபொந்தெல்லாம் சுண்ணாம்பு அடித்து, கோழிகள் புரள ஒரு குழியில் சாம்பலும் வேப்பிலைத் தூளும் கொட்டி, ஒவ்வொன்றுக்கும் வேப்பெண்ணெய் தடவினோம். தடவினது அவர், பிடித்துக்கொண்டு கொத்து வாங்கினது நான்.

அதனால்தான் இளங்கோழிகள் இரண்டு இறக்கையைத் தொங்கப்போட்டு ஓரமாக நின்றபோது அவரும் ஏமாந்துவிட்டார். செள்ளு ரத்தத்தைக் குடித்துவிட்டது, தெம்பில்லை என்றார். கம்பும் முருங்கைக்கீரையும் போடச் சொன்னார். போட்டேன். அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலையில் ஒரு கோழி கூண்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது. இன்னொன்றைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். அது வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. வாலுக்கு அடியில் இறகெல்லாம் வெள்ளையும் பச்சையுமாக ஒட்டிப்போயிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். வெள்ளைக்கழிச்சல் என்று அந்தக் கொள்ளைநோயின் பேரைச் சொல்லக்கூட இல்லை. கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிடு என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் கொல்லையில் ஒன்றன்பின் ஒன்றாக விழ ஆரம்பித்தன. கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி சுற்றிச் சுற்றி வந்து விழுந்தது ஒன்று. பின்பக்கமாகவே நடந்து போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது ஒன்று. மிளகும் சீரகமும் கீழாநெல்லியும் மஞ்சளும் வைத்து அரைத்து உருட்டி, ஒவ்வொன்றின் வாயையும் பிளந்து உள்ளே தள்ளினேன். அவரைக் கீழே தள்ளின அதே மிளகு. அரைக்கும்போதே அதைத் திட்டிக்கொண்டே அரைத்தேன். காலையில் உருண்டை வாங்கினது மத்தியானம் செத்தது. குழி தோண்டித் தோண்டி என் உள்ளங்கை கொப்பளித்துப்போயிற்று.

அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். பாதித் தட்டு மிஞ்சியது, அப்புறம் முக்கால். எனக்குப் புரிந்துவிட்டது. கோழி ஒவ்வொன்றாகப் போகப்போக இவரும் போய்க்கொண்டிருக்கிறார். எனக்குக் கோழியா பெரிசு? இந்தக் கொல்லையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் இவர் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவார். இந்தத் தடவை திரும்பினால் எந்த அந்தோணியாரும் தேடிக் கொடுக்கமாட்டார். அந்தப் பயத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது.

அந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணாயியின் கோழிகளும் செத்துக்கொண்டிருந்தன. போதாதா? வேலியோரம் போய் நின்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். கோழிக்கு ஊசி போடாமல் ஊர்மேய விடுகிறவள், செத்ததைப் புதைக்காமல் ஓடையில் வீசுகிறவள், உன்னால்தான் என் குடி கெட்டது என்று என்னென்னவோ கத்தினேன். கண்ணாயி கையில் ஒரு செத்த கோழியை வைத்துக்கொண்டு கேட்டபடி நின்றாள். பதிலுக்குக் கத்தியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை.

"தெரசக்கா, எங்கூட்டுக் கோழி இந்த வேலியத் தாண்டி எங்கக்கா போச்சு? உங்கூட்டுச் செவலைதான் ஊர்க்கோழியோடெல்லாம் நின்னுட்டு வந்துச்சு. வந்த அன்னைக்கே எங்கூட்டுப் பக்கம் வந்து மேஞ்சுதுங்களே" என்றாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? வேற்றுக்கோழி என்றால் தோன்றியிருக்கும். எங்கள் கோழிதானே, எங்கள் வீட்டுப் பிள்ளை ஊருக்குப் போய்விட்டு வந்த மாதிரி. வேலியை விட்டுத் திரும்பினேன். வாசல் கதவு திறந்திருந்தது. கட்டிலிலிருந்து அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"நாந்தானே அவுத்து உடச் சொன்னேன்" என்றார். அன்று ராத்திரித் தட்டு அப்படியே இருந்தது.

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, கெஞ்சி, கடைசியில் சரண்யா வந்தாள். ஏற்காட்டிலிருந்து ஸ்கூட்டரில் மழைக்கோட்டோடு வந்த சின்னப் பெண், கால்நடை ஆய்வாளர். செருப்பைக்கூட மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் கொல்லைக்குள் வந்தாள். பார்த்தவுடனே சொல்லிவிட்டாள். வந்த பிறகு இதற்கு மருந்து இல்லை, வருவதற்கு முன்னால் தடுப்பூசிதான் உண்டு. இப்போது ஊசி போட்டால் இன்னும் சீக்கிரம் செத்துப்போகும். கடைசி முகாமுக்கு ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டாள். அன்றைக்கு இவரை மறுபரிசோதனைக்குச் சேலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருந்தோம். அதற்கு முந்தின முகாமில் ஊசி வாங்கினது செவலை மட்டும்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வாங்கினவை, பொரித்தவை.

செவலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவு சாவுக்கு நடுவில் அது மட்டும் மண்ணைக் கிளறிக்கொண்டு கொழுகொழுவென்று நின்றது. அந்தோணியார் காப்பாற்றுகிறார் என்று நான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன். காப்பாற்றினது ஊசி. ஆனால் அதன் எச்சத்திலும் எச்சிலிலும் நோய் இருக்கும், அது இருக்கிறவரை இந்தக் கொல்லையில் வேறெதுவும் தங்காது என்றாள் சரண்யா. சொல்லும்போது அவளுக்கும் கஷ்டமாக இருந்தது. கட்டிலையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"விக்கவும் கூடாதுங்கம்மா, ஆருக்கும் குடுக்கவும் கூடாது. அடிச்சுப் பொதைச்சிருங்க. கூண்டைச் சுட்டுச் சுண்ணாம்பு போட்டு, கொஞ்ச நாளைக்குச் சும்மா போடுங்க. அப்பறம் புதுசா ஆரம்பிக்கலாம்."

எதை வைத்து ஆரம்பிப்பது? அப்போதுதான் அடுப்படிப் பரணில் இருந்த சாம்பல்நிறக் கோழி எனக்கு ஞாபகம் வந்தது. கொடியேறின அன்று அடைக்கு வைத்தது. முட்டையெல்லாம் திருவிழாவுக்கு முன்னால் இட்டவை, நோய் அண்டாதவை. கோழி மட்டும் தீனிக்காகத் தினம் ஒரு தடவை கீழே இறங்கி வந்து போகும். சரண்யா பரணில் எட்டிப் பார்த்தாள். பொரிக்கிறவரை கோழி தாங்குமா தெரியாது, முட்டையை நல்லபடியாகக் காப்பாற்றுங்கள் என்றாள். மருந்துப் பொட்டலம் ஒன்று கொடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து முட்டை ஓட்டைத் துடைக்கவும், கையும் துணியும் சுத்தமாக இருக்கவும் சொல்லிவிட்டு மழைக்கு முன்னால் கிளம்பிவிட்டாள்.

நான் செவலையைக் கொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏனுங்க, இது சாமிக்கு நேர்ந்த உசுருங்க, உங்களுக்காக நேர்ந்ததுங்க என்றேன். இதை அடித்தால் வேண்டுதல் உடைந்துபோகும், உடைந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவருக்குப் புரிந்தது. கொண்டா இங்கே என்றார்.

மடியில் வைத்தேன். செவலைக்கு அந்த மடி பழக்கம்தானே. காலை மடக்கி உட்கார்ந்துகொண்டது. அவர் தினமும் பார்க்கிற மாதிரியே பார்த்தார். கண், கொண்டை, இறக்கை. இறக்கைக்கு அடியில் ஒரு செள்ளு மிஞ்சியிருந்ததை விரலால் எடுத்து நசுக்கினார். கழுத்தை இரண்டு தடவை தடவிக் கொடுத்தார். மூன்றாவது தடவை தடவின கை திரும்பியது. சத்தம்கூட வரவில்லை. ஏணி பிடித்த கை அது.

நானே குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினேன். கொல்லையில் மிஞ்சியிருந்த ஒன்றிரண்டும் அன்றைக்கே போய்விட்டன. வந்து அவர் உடம்பைத் துடைத்து, வேட்டியை மாற்றி, போர்வையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். வேறு போர்வை போர்த்தினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் கஞ்சி வைத்தேன், வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் அப்படித்தான். ஷெர்லின் போன் செய்தாள். காதில் வைத்தேன். சுவரைப் பார்த்தார். நான் திட்டினேன், அழுதேன், கட்டில் காலில் தலையை முட்டிக்கொண்டேன். பிறகு அந்தோணியாரைப் பிடித்துக்கொண்டேன். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் என்றார்களே, தந்துவிட்டு மறுபடி பிடுங்கிக்கொள்கிற வழக்கம் உமக்கு எப்போது வந்தது என்று கேட்டேன். அவர் படத்தைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தேன். வீட்டில் இரண்டு பேரும் சுவரைப் பார்க்கட்டும்.

அன்று மத்தியானம் மழை பிடித்தது. பனிமூட்டம் வாசல்வரை வந்து நின்றது. விளக்கைப் போட்டேன், கரண்டு இல்லை. மேலே எங்கோ கம்பியில் மரம் விழுந்துவிட்டது, நாளைக்குத்தான் வரும் என்று ரோட்டில் போன யாரோ சொன்னார்கள். பரணில் சத்தமே இல்லையே என்று ஏறிப் பார்த்தேன்.

சாம்பல் கோழி முட்டைகள்மேல் உட்கார்ந்தபடியே செத்திருந்தது. தலை மட்டும் கூடைக்கு வெளியே தொங்கியது. உடம்பில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. அதை எடுத்து வெளியே போட்டுவிட்டு, கையைக் கழுவிவிட்டு, சரண்யா சொன்னபடி முட்டைகளைத் துடைத்தேன். ஒன்றைக் காதில் வைத்துக் கேட்டேன். உள்ளே எதுவோ மெல்லக் கொத்தியது. பொரிக்கிற நேரம் வந்துவிட்டது. இன்னும் ஒரு பொழுது சூடு இருந்தால் போதும்.

பல்பு போடக் கரண்டு இல்லை. அடுப்போரம் வைத்தால் ஒரு பக்கம் வெந்துவிடும், மறுபக்கம் ஆறிவிடும். துணியில் சுற்றி என் மடியில் கட்டிக்கொண்டு நடந்தேன். என் உடம்பு நடுங்கின நடுக்கத்தில் அவை ஒன்றோடொன்று மோதின. அசையாமல் ஓர் இடத்தில் உட்கார எனக்கு எப்போதும் வராது. குளிர் ஏறிக்கொண்டே இருந்தது. கண்ணாயி வீட்டுக்கு ஓடலாமா என்று பார்த்தேன். அவள் வீட்டிலும் கரண்டு இல்லை, அவள் கோழியும் ஒன்று மிஞ்சவில்லை, நான் பேசின பேச்சுக்கு அவள் முகத்தில் எப்படி விழிப்பது? முற்றத்தில் நின்று, இதாவது இருக்கட்டும், இதாவது இருக்கட்டும் என்று வாய்விட்டுக் கதறினேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

"தெரசா."

குரல் உள்ளேயிருந்து வந்தது. ஓடினேன். அவர் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எப்படித் திரும்பினாரோ, கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்துத் தன்னைத்தானே திருப்பியிருக்க வேண்டும். நெற்றியில் வேர்த்திருந்தது. முட்டை எங்கே என்று கேட்டார். மடியை அவிழ்த்துக் காட்டினேன்.

"கொண்டா. எனக்குள்ள வை."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். குனிந்து மிச்சத்தை நான் கழற்றினேன். அவரை மல்லாக்கப் படுக்க வைத்துத் தலையணைகளை இரண்டு பக்கமும் அண்டை கொடுத்தேன். முட்டைகளைத் துணியோடு அவர் வயிற்றின்மேல், விலாவுக்கு அருகே, ஒவ்வொன்றாக வைத்தேன். வயிற்றில் அந்த இடம்வரைக்கும் அவருக்கு உணர்ச்சி உண்டு. மேலே இரண்டு போர்வை போர்த்தினேன். அவர் கைகளை அதற்குள் விட்டு முட்டைகளைச் சுற்றி வளைத்துக்கொண்டார்.

"நீ ஓரிடத்துல நிக்கமாட்ட. அசையாமக் கெடக்க இந்த ஊட்டுல நானிருக்கேன்" என்றார்.

கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஓட்டின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. முகம் முழுக்க எதையோ உற்றுக் கேட்கிற முகமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கைவிரலைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. சாப்பிடாத உடம்பில் சூடு எங்கிருந்து வரும்?

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கண்ணைத் திறந்தார்.

"கஞ்சி இருக்குதா புள்ள? சூடா ஊத்திக் கொண்டா. ஒடம்பு ஆறிப்போச்சுன்னா இதுங்களுக்கு ஆகாது."

அடுப்படிக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. ஈர விறகு பற்றமாட்டேன் என்றது. ஊதி ஊதிப் பற்றவைத்தேன். கண்ணீர் புகையினால் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் புகையினால் இல்லை. கஞ்சியைச் சுடவைத்துக் கொண்டுவந்து, அவர் கையை எடுக்க முடியாது என்பதால், நானே ஊட்டினேன். முதல் வாயை விழுங்கக் கஷ்டப்பட்டார். இரண்டாவது வாய்க்கு அவரே வாயைத் திறந்தார். கிண்ணம் காலியானதும் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.